வந்து சேர்ந்ததாகக் கருதப்படும் கப்பல்

'மேரிகோல்ட் பிரின்ஸ்' என்ற பெரிய சரக்குக் கப்பல் மூழ்கவில்லை என்பதை விசாரித்து அறிவதற்காக ஓர் ஆணைக்குழு பாலமுனைக்கு வந்தது. கடற்கலங்கள் நிலைமை ஆணைக்குழு என்பது அதன் பெயர். பெயர் வேனின் பக்கத்துக்கு அடங்காததால் 'ஆணைக்குழு' என்ற சொல்லை மட்டும் பின்கதவில் எழுதியிருந்தார்கள். கதவைத் திறந்தால் அந்தச் சொல் மேலே போய்விடும். வேன் எங்கள் ஊரில் நின்ற நேரமெல்லாம் கதவு திறந்தே இருந்தது.

அந்தக் கப்பலில் சமையற்காரராக இருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு இஹ்ஸான் காக்கா. மாரியில் காற்று அடித்த அன்று பின்னேரம் மனைவி ஸுல்பிகா ராத்தாவின் போனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "ஸுல்பி, கப்பல் ஒரு பக்கமா சரிஞ்சிட்டு. சட்டி பானையெல்லாம் சுவரில நிக்கிது. தண்ணி உள்ளுக்கு வருது. துஆ செய். மறுகா எடுக்கன்."

மறுகா அவர் எடுக்கவில்லை. காற்று ஓய்ந்த பிறகு கதிரைகள் வந்தன.

பிளாஸ்டிக் கதிரைகள். கத்தரிப்பூ நிறம். முதுகில் இதய வடிவில் ஒரு துளை. அப்படி ஒரு கதிரையை இந்த நாட்டில் யாரும் விற்றதில்லை, வாங்கியதில்லை. பாலமுனைக் கரை முழுக்க அவை கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தன. பொழுது ஏறுமுன் கரை மறுபடி வெறுங்கரையாகிவிட்டது. எங்கள் ஊர் சுத்தமான ஊர். ஸுல்பிகா ராத்தா மட்டும் ஒரு கதிரையும் எடுக்கவில்லை. அவர் கரைக்குப் போனது வேறு ஒன்றைத் தேடி. அது வரவில்லை.

அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் இரண்டே விஷயம். மையித்து, அதாவது உடல், இல்லாவிட்டாலும் கணவனுக்கு இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகை நடக்க வேண்டும். விதவை என்று ஊர் ஏற்றுக்கொண்டு தன்னை இத்தா இருக்க, கணவனுக்காக வீட்டுக்குள் ஒதுங்கித் துக்கம் காக்க, விடவேண்டும். அவர் தானாகவே வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருந்துவிட்டார்தான். ஆனால் ஊர் அதை ஒரு பிடிவாதம் என்று சொல்லிற்றே தவிர, இத்தா என்று சொல்லவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தின் மூத்தவர் மீராசாஹிபு மரைக்காயர் வாசலில் நின்றபடி தன் முடிவைச் சொன்னார். கப்பல் மூழ்கியது என்று அரசாங்கம் சொல்ல வேண்டும், உயிரோடு இருக்கிற மனிதனுக்கு ஜனாஸாத் தொழுத பழி ஊருக்கு வேண்டாம் என்றார். அரசாங்கத்தின் எந்த முடிவையும் அவர் அதற்கு முன் நம்பியதாக யாருக்கும் நினைவில்லை.

ஆகவே ஆணைக்குழு வந்தபோது ஸுல்பிகா ராத்தா நம்பிக்கையோடு இருந்தார். ஊர் அப்படி இருக்கவில்லை. வேன் ஒலுவில் பக்கமிருந்து திரும்பியதும் செய்தி அதை முந்திக்கொண்டு ஓடிற்று. கப்பல் என்பது ஒரு சாட்டு, உண்மையில் கதிரைகளை எண்ணத்தான் வந்திருக்கிறார்கள் என்று. அரை மணித்தியாலத்தில் ஊரின் கதிரைகள் மறைந்தன. சில நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போயின. சில கூரைமேல் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் ஒதுங்கின. வயலுக்குப் போகாத சிலர் அன்று உழவு இயந்திரப் பெட்டியில் எதையோ படங்கால் மூடிக்கொண்டு வரிப்பத்தான்சேனை மைத்துனர்மாரைப் பார்க்கப் போனார்கள்.

கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. பெண்கள் பின்வரிசையில் இருந்தோம். ஆணைக்குழுவின் தலைவர் உயரமானவர். பேசுமுன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். அது வேலை செய்தது. எனினும் செயலாளர் சுஜிந்தனை அழைத்து அது வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்தச் சொன்னார். சுஜிந்தன் காரைதீவுப் பையன், அமைதியானவர். அவர் உறுதிப்படுத்தினார்.

"புயல் என்று நீங்கள் சொல்கிறீர்கள்" என்று தலைவர் தொடங்கினார். "நாங்கள் சொல்லவில்லை. எமது காற்றுமானி அன்று பிற்பகல் வரை காற்றை ஒழுங்காக அளந்தது. அதன் பின் காற்று அந்தக் கருவியை முறித்துக்கொண்டு போய்விட்டது. முறியும்வரை வீசிய காற்று புயல் என்ற அளவை எட்டவில்லை. முறிந்த பிறகு வீசிய காற்று எமது பதிவில் இல்லை. பதிவில் இல்லாத காற்றில் ஒரு கப்பல் எப்படி மூழ்க முடியும்?"

பக்கத்தில் இருந்த காற்று நிபுணர் தலையசைத்தார். கருவியை இழந்தவர் என்பதால் அவர் முகத்தில் சோகம் இருந்தது.

"மேலும், இந்தக் கப்பலுக்கு மூழ்காத் தன்மைச் சான்றிதழ் வழங்கியவர்கள் யார்? நாங்கள். அது மூழ்கியது என்று நாங்களே சொன்னால் எமது சான்றிதழை நாங்களே மதிக்கவில்லை என்றாகும். பிறகு மக்கள் எதை நம்பிக் கப்பலில் ஏறுவார்கள்?"

ஊர் கைதட்டியது. பேச்சு நின்ற இடத்தில் கைதட்டுவது எங்கள் பழக்கம்.

அப்படியானால் கப்பலுக்கு என்ன நடந்தது என்று யாரோ கேட்டார்கள். தாமதம் என்று சுஜிந்தன் பதில் சொன்னார். தாமதத்தில் மூன்று வகை உண்டாம். சாதாரணத் தாமதம், நீடித்த தாமதம், கவலைக்குரிய தாமதம். கப்பல் இப்போது இரண்டாவதில் இருக்கிறது. கவலைப்படுவதற்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும்.

பிறகு தலைவர் கேட்டார், இந்தக் கரையில் கடல் ஏதாவது கொண்டுவந்து போட்டதா என்று.

 ஊர் முழுதும் தன் கால்களைப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த மரைக்காயரின் மனைவி, தினமும் இதயத் துளையில் முதுகைச் சாய்த்து வெங்காயம் உரிக்கிறவர், சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கடைசியில் மரைக்காயரே எழுந்தார்.

"எங்கட கடல் சேர், மீனத் தவிர ஒண்டும் தாறல்ல. இப்ப அதுவும் தாறல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். மிதந்து வந்த பொருள் எதுவும் இல்லை என்று சுஜிந்தன் எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் ஸுல்பிகா ராத்தாவுக்குச் சொல்லவேண்டியதாக இருந்தது. என் உம்மா அஸீஸா சொன்னார். ராத்தா போனை எடுத்து அந்தக் குரல் பதிவைப் போட்டார். சட்டி பானை சுவரில் நிற்கிறது என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். "சமையல்காரன் பொய் சொல்லுவானா மச்சி, சட்டியில?" என்று உம்மாவிடம் கேட்டார்.

மறுநாள் சுஜிந்தன் வேலிக்கு வெளியே வந்து நின்று, அக்கா சாட்சி சொல்ல வரவேண்டும் என்றார். கதவுக்குப் பின்னால் நின்று ராத்தா பதில் சொன்னார், தான் இத்தா இருப்பதால் பிற ஆண்களின் முன்னால் வர இயலாது என்று. சுஜிந்தன் தலையாட்டிவிட்டுத் தலைவரிடம் போனார். திரும்பி வரும்போது ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதை ஒப்புவிப்பதுபோல, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"கணவனை இழந்தவர்தான் இத்தா இருக்கலாம். இவர் இழந்தாரா என்று ஆணைக்குழு இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆகவே இவர் இத்தாவில் இல்லை, வரலாம். வந்தால், தான் இத்தாவில் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டதாகும். கணவர் உயிரோடு இருக்கிறார் என்று பதிவோம். வராவிட்டால் சாட்சி இல்லை. கப்பல் தாமதம் என்று பதிவோம்."

உம்மா இதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லும்போது சுஜிந்தனுக்கே வியர்த்தது.

 பிறகு ராத்தா சொன்னார். "அப்ப அவங்கள இஞ்ச வரச் சொல்லுங்க தம்பி. நான் திரைக்குள்ள இரிந்து கதைக்கன்."

ஆணைக்குழு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று எந்த விதியும் இருக்கவில்லை. இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அவர்கள் வரும் செய்தியால் ஊரின் மரியாதை விழித்துக்கொண்டது. விருந்தாளிகளைத் தரையில் இருத்த முடியாது என்று மரைக்காயர் சரீப் காக்காவிடம் ஆள் அனுப்பினார். சரீப் காக்கா கதிரை வாடகைக்குக் கொடுப்பவர். கலியாண வீடு, மரணம் நடந்த மௌத்து வீடு, தேர்தல் கூட்டம் எதற்கும் அவர் கதிரைதான். மௌத்து வீட்டுக்கு மட்டும் கூலி எடுக்கமாட்டார். அவருடைய சின்ன லொறி பகலில் கதிரைகளோடு ஒரு வீட்டு வளவுக்குள் திரும்பினால், பள்ளிவாசல் மௌத்தை அறிவிக்குமுன்பே ஊர் 'இன்னாலில்லாஹி' சொல்லிவிடும்.

அன்று அவருடைய வெள்ளைக் கதிரைகள் எல்லாம் மாவடிப்பள்ளியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தன. கடையில் மிச்சம் இருந்தவை கத்தரிப்பூ நிறம் மட்டும். அவர் அவற்றைக் கொண்டுவந்து முதுகில் துவாய்களைப் போட்டு மூடியதைக் கண்டு உம்மா அவரை மறித்தார்.

"என்ன காக்கா செய்றீங்க?"

"பயப்படாதகா" என்றார் சரீப் காக்கா. "ஆபீசர்மார் ஊரெல்லாம் தேடுவாங்க. தாங்க இரிக்கிற கதிரையத் தேடமாட்டாங்க."

விறாந்தைக்கும் வீட்டின் உள்கூடத்துக்கும் நடுவே ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினோம். உள்ளே ராத்தா, உம்மா, நான். திரை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றதால் ஆணைக்குழுவை நாங்கள் கால்களாகவே அறிந்தோம். சப்பாத்துகளை வாசலில் கழற்றியிருந்தார்கள். தலைவரின் பெருவிரல் காலுறைக்கு வெளியே வந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று நிபுணரின் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருந்தன. சுஜிந்தனின் வெறுங்கால்கள் கதிரைக்கு அடியில் ஒடுங்கியிருந்தன. வேலிக்கு வெளியே ஊர் நின்றது.

முதலில் திரைக்குப் பின்னால் இருக்கும் குரல் ஸுல்பிகா உடையதுதானா என்ற கேள்வி வந்தது. அது தீர ஒரு தேநீர் நேரம் எடுத்தது. பிறகு இஹ்ஸான் காக்காவின் குரல் பதிவைப் போட்டார்கள். விறாந்தையில் அவர் பேசினார். அவருடைய வீடு அது. வெளியே ஒரு கோழி கொக்கரித்தது.

"சரிந்துவிட்டது என்கிறார்" என்றார் தலைவர். "மூழ்கியது என்று சொல்லவில்லை."

"கடைசியில் சொல்கிறாரே, மறுகா எடுக்கன் என்று. அது என்ன?" என்று காற்று நிபுணர் கேட்டார்.

"பிறகு அழைக்கிறேன் என்பது, சேர்" என்றார் சுஜிந்தன்.

"பிறகு அழைப்பதாக அவரே வாக்களித்திருக்கிறார். இது மிகவும் நம்பிக்கை தரும் சான்று. எழுதிக்கொள்ளுங்கள்."

ராத்தாவின் விரல்கள் என் கையைப் பிடித்தன. சுஜிந்தனின் பேனா நகரும் சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்சம் பிந்திக் கேட்டது.

பிறகு தலைவர் குரலைத் தாழ்த்தி, அன்பாகப் பேசுகிறவர்போல ஒரு கேள்வி கேட்டார். "சகோதரி, ஊரில் யாரும் எதையும் காணவில்லை. கரையில் ஒன்றும் ஒதுங்கவில்லை. நீங்கள் மட்டும் வெள்ளை உடுத்திருக்கிறீர்கள். உங்கள் கணவர் மரணித்துவிட்டார் என்பதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

வேலிக்கு வெளியே இருந்த ஊர் இதைக் கேட்டது.  உம்மா குனிந்து தரையைப் பார்த்தார். ராத்தாவும் தரையைத்தான் பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது திரைக்குக் கீழே, காலுறைகளுக்குப் பின்னால் நின்ற கத்தரிப்பூ நிறக் கால்களை.

"சேர், எழும்புங்க" என்றார்.

"என்ன?"

"எழும்பி, நீங்க இரிந்த கதிரைய ஒருக்காப் பாருங்க. துவாய எடுத்துப்போட்டுப் பாருங்க. அது என்ட மாப்புளட கப்பல்ல வந்தது. ஊருக்கே வந்தது. அவர் மட்டும் வரல்ல."

பெருவிரல் காலுறைக்குள் இழுத்துக்கொண்டது. கதிரைகள் உரசின. வேலிப்பக்கம் பல கால்கள் வேகமாக நடந்துபோகும் சத்தம் கேட்டது. சரீப் காக்கா மட்டும் அகப்பட்டார். கடல் தந்தது சேர், நான் கடலுக்குள்ள போகல்ல சேர் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சுஜிந்தன் சரக்கு விபரத்தை எடுத்துப் பார்த்தார். நிறம் பொருந்தியது. இதயமும் பொருந்தியது.

மூவரும் முருங்கை மரத்தடிக்குப் போய்க் கூடிப் பேசினார்கள். ராத்தா கண்களை மூடிக்கொண்டு இருந்தார். உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லுக்காக இத்தனை மாதம் காத்திருந்தவர் அந்தச் சொல் வாசலுக்கு வந்துவிட்டது என்று நினைத்தார். நாங்களும் நினைத்தோம்.

தலைவர் திரும்பி வந்து, கூட்டத்துக்குப் பேசுகிறவர்போலத் திரைக்கு முன்னால் நின்றார்.

"சகோதரி, உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறோம். கப்பலின் சரக்கு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்துள்ளது என்பதை ஆணைக்குழு ஐயமின்றி ஏற்கிறது. சரக்கைக் கரைசேர்ப்பது கப்பலின் கடமை. கடமையை நிறைவேற்றிய கப்பலை மூழ்கிய கப்பல் என்று சொல்வது நீதியாகாது. எனவே மேரிகோல்ட் பிரின்ஸ் வந்து சேர்ந்ததாகக் கருதப்படும். அதன் பணியாளர்களும் வந்து சேர்ந்ததாகக் கருதப்படுவர். உங்கள் கணவர் உட்பட." சிறிது நிறுத்தினார். "வாழ்த்துகள்."

பேச்சு நின்ற இடம் அது. கைதட்ட ஊர் இருக்கவில்லை.

போகும்போது ஓர் அறிவித்தலும் செய்தார்கள். கதிரை வைத்திருப்பவர்கள் கப்பலின் எந்தப் பணியாளரிடமிருந்து அதைப் பெற்றார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் திருடியவர்களாகக் கருதப்படுவர். வந்து சேர்ந்த சமையற்காரரின் கையொப்பத்துக்காகச் செயலாளர் மறுநாள் வருவார்.

அன்று ராத்தா சாப்பிடவில்லை. வெள்ளைச் சீலையை மாற்றவும் இல்லை.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் முதலாவது கதிரை வந்தது. கொண்டுவந்தவர் அதை வளவில் வைத்துவிட்டு, கதவைப் பார்த்து, இது இஹ்ஸானுடையது, தான் வெறுமனே பாதுகாத்து வைத்திருந்தது என்றார். கப்பலில் இருந்தவர்களில் எங்கள் ஊருக்குத் தெரிந்த பணியாளர் அவர் ஒருவர்தானே. அடுத்தவர் நான்கைத் தலையில் அடுக்கிக்கொண்டு வந்தார். கூரையிலிருந்து இறங்கின. மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தன. வரிப்பத்தான்சேனைக்குப் போன உழவு இயந்திரங்கள் படங்கு இல்லாமல் திரும்பின. எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள், ஒருவரையொருவர் நம்பாமல் ஓரக்கண்ணால் மற்றவரின் கதிரைகளை எண்ணினார்கள். மரைக்காயர் கடைசியாக வந்தார். அவர் கொண்டுவந்ததில் ஒன்றில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

கதிரைகள் வளவில் மலைபோலக் குவிந்தன. ராத்தா சன்னலின் இடுக்கால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். முதல்முறையாக அதில் ஒரு யோசனை ஓடியது.

"மச்சி" என்று உம்மாவைக் கூப்பிட்டார். "குவிச்சுப் போட்டா வளவுக்குள்ள நடக்கேலா. வரிசையா வைக்கச் சொல்லுங்க. மறுகா, அடுப்புல பெரிய கேத்தில வைங்க. இஞ்சி தட்டிப் போடுங்க."

உம்மா அவரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் வெளியே போய்ச் சரீப் காக்காவிடம் சொன்னார். வரிசை வைப்பது சரீப் காக்காவின் கைக்குத் தானாக வரும். முன்வளவில் நாலு வரிசை, வேலியோரம் இரண்டு, மிச்சத்தைத் தெருவில் ஒரு பக்கமாக. நடுவில் ஆட்கள் போக வழி. வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தான் என்ன வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் ஓரமாக இருந்தார்.

கல்முனையிலிருந்து வந்த பஸ் சந்தியில் நின்றது. இறங்கியவர்கள் பார்த்தார்கள். பகல் வேளை, வளவு நிறையக் கதிரை, பந்தல் இல்லை, பாட்டு இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ஆண்கள் உள்ளே வந்து ஸலாம் சொல்லிக் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் பின்பக்கத்தால் வந்து ராத்தாவைக் கட்டிப்பிடித்தார்கள். வயலிலிருந்து திரும்பிய ஒருவர் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, கால் கழுவி, யாஸீன் ஓதத் தொடங்கினார். கதிரையை வைத்துவிட்டு நழுவப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்களும், நாலு பேர் பார்க்கும்போது மௌத்து வீட்டிலிருந்து எழும்பிப் போக முடியாமல், தாங்கள் கொண்டுவந்த கதிரைகளிலேயே இருந்தார்கள்.

மரைக்காயர் களைத்துப்போய் ஒன்றில் சாய்ந்திருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் குனிந்து அவருடைய கையைப் பிடித்து, எங்கும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "ஜனாஸா எத்தின மணிக்கு?"

அந்தக் கேள்விக்குப் பல வருடங்களாகப் பதில் சொல்லி வந்தவர் மரைக்காயர். வாய் முந்திக்கொண்டது.

"அஸருக்குப் பிறகு."

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுப் பார்த்தார். ஆனால் அந்தச் சொல் அதற்குள் மூன்று வரிசை பின்னால் போயிருந்தது. நிர்வாகத்தில் இருந்த காலமெல்லாம் அவர் சொன்ன சொல்லை மீட்டதில்லை, தவறான சொல்லையும்கூட. கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து பள்ளிவாசலை நோக்கி நடந்தார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி இஹ்ஸான் காக்காவின் பெயரையும் அவருடைய வாப்பாவின் பெயரையும் சொன்னது. மையித்து இல்லாமல் தொழப்படும் என்றும் சொன்னது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர் முழுதும் பள்ளிவாசலில் நின்றது. ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, அமர்வதும் இல்லை. நின்றபடியே முடியும். 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் ஒலிபெருக்கியால் வீட்டுக்குள் கேட்டது. நாலாவது, கடைசித் தக்பீரில் ஸுல்பிகா ராத்தா சுவரில் தலையை வைத்து அழத் தொடங்கினார். அந்தக் குரல் பதிவு வந்த நாளிலிருந்து அவர் அழுததை நான் அன்றுதான் கண்டேன்.

தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பவும் வந்து வளவில் இருந்தபோது சுஜிந்தன் வந்தார். கையில் கையொப்பம் வாங்க வேண்டிய தாள். வாசலில் நின்று வரிசைகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுமையாக இருந்த ஒரு கதிரையில் இருந்தார். யாரோ அவருடைய கையில் இஞ்சித் தேநீர் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த சரீப் காக்காவின் காதருகே குனிந்து, யார் மௌத்து என்று கேட்டார்.

"இந்த வீட்டு மாப்புள" என்றார் சரீப் காக்கா. "வந்து சேர்ந்தவர்."

சுஜிந்தன் தலையாட்டினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.